ரப்பரில் செதுக்கும் பருவம்: ஜப்பானியக் கையச்சும் அவிநாசியின் பன்னிரண்டு மாதமும்

மாட்டுப் பொங்கலன்று டம்ளரைக் கவிழ்த்து, அதன் வாயைச் சாயத்தில் தோய்த்து, மாட்டின் முதுகில் வட்டம் வட்டமாக வைப்பார்கள். கோகுலாஷ்டமிக்கு மடக்கிய கையின் பக்கவாட்டை அரிசிமாவுக் கரைசலில் நனைத்துத் தரையில் ஒற்றி, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் கண்ணன் பாதம் வந்துவிடும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வாட்டர் கலரில் தொட்டுப் பூப்போட்டது பள்ளிக்கூடத்து ஞாபகம். மூன்றுமே கையச்சுதான். முதல் இரண்டுக்கும் காலண்டரில் நாளும் குறித்திருக்கிறது.

கையச்சையும் காலண்டரையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பதில் ஜப்பானியர்கள் தேர்ந்தவர்கள். எழுதும் அழிரப்பரில் சின்னதாக ஒரு படம் செதுக்கி, மையில் ஒற்றி, வாழ்த்து அட்டையிலும் கடித உறையிலும் துணியிலும் பதிப்பது அங்கே பரவலான பொழுதுபோக்கு. படம் பெரும்பாலும் அந்தந்தப் பருவத்துக்கு உரியதாக இருக்கும். இதைச் செய்ய இயந்திரம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. அவிநாசியில் இருக்கிற ஒருவர் இதை எப்படிச் செய்யலாம், எந்தப் படத்தைச் செதுக்கலாம், பனியன் துணியில் பதிப்பதென்றால் என்ன கவனிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

ஜப்பானில் அச்சு இருக்கும் இடங்கள்

ஜப்பானில் மிகப் பழைய முத்திரை ஒன்று பொன்னாலானது. கி.பி. 57-ல் சீனத்தின் ஹான் பேரரசர் ஜப்பானியச் சிற்றரசர் ஒருவருக்கு அனுப்பியதாகக் கருதப்படுவது. 1784-ல் ஃபுகுவோகா அருகே ஷிகானோஷிமா தீவில் ஓர் உழவர் கையில் கிடைத்தது. அதன் பக்கம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் அரசாங்க ஓலையில் தொடங்கி வங்கிக் கணக்கு வரை கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு முத்திரை வைப்பது அந்த நாட்டு வழக்கமாயிற்று. இந்த முத்திரைக்கு ஹான்கோ என்று பெயர்.

கோயிலுக்குப் போனால் கோஷுயின் என்ற சிவப்பு முத்திரையை ஒரு மடிப்புப் புத்தகத்தில் வைத்து, மேலே தூரிகையால் கோயில் பெயரை எழுதித் தருவார்கள். சில கோயில்கள் மாதத்துக்கு ஏற்றபடி படத்தை மாற்றுகின்றன. ரயில் நிலையங்களிலும் பயணிகள் தாங்களே பதித்துக்கொள்ள ஒரு முத்திரை மேசைமேல் இருக்கும். 1931-ல் ஃபுகுயி நிலையத்தில் தொடங்கிய பழக்கம் இது. அந்த ஊருக்குப் பேர்போன மலையோ கோட்டையோ மீனோ அதில் இருக்கும். அவிநாசிக்கு அப்படி ஒன்று வைப்பதானால் யாரும் யோசிக்கத் தேவையில்லை: சுந்தரர் பாட, பிள்ளையைத் திருப்பித் தந்த முதலைதான்.

வீட்டுக் கையச்சுக்கு ஊற்றுக்கண் புத்தாண்டு வாழ்த்து அட்டை. நெங்காஜோ என்கிற இந்த அட்டைகளை டிசம்பர் 15 முதல் 25-க்குள் தபாலில் சேர்த்தால் சரியாக ஜனவரி 1 அன்று வீடு வந்து சேரும். 2004 புத்தாண்டுக்காக அச்சடிக்கப்பட்டவை ஏறக்குறைய 446 கோடி. அதுதான் உச்சம். கைப்பேசி வந்த பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த ஆண்டுக்குரிய விலங்கை, அதாவது எலி, புலி, முயல், பாம்பு என்று சுற்றிவரும் பன்னிரண்டில் ஒன்றை, மரத்திலோ உருளைக்கிழங்கிலோ ரப்பரிலோ செதுக்கி அட்டையில் பதிப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு, பெரியவர்களுக்கு மரம், இடைப்பட்டவர்களுக்கு ரப்பர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அழிரப்பர் அச்சை ஊரறியச் செய்தவர்களில் முக்கியமானவர் நான்சி செக்கி (1962–2002). பத்திரிகைகளில் தொலைக்காட்சியைக் கிண்டலாக விமர்சித்து எழுதியவர். யாரைப் பற்றி எழுதினாரோ அவர் முகத்தை அழிரப்பரில் செதுக்கிக் கட்டுரையோடு பதிப்பார். நாலணா ரப்பரிலும் ஒரு மனிதரின் சாயலைப் பிடித்துவிடலாம் என்பதை அவர் அச்சுகளைப் பார்த்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

ஐந்து நாளுக்கு ஒரு பருவம்

படங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஜப்பானியர்களிடம் நாம் கற்க வேண்டியது அதிகம். அவர்களும் நான்கு பருவம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பழைய பஞ்சாங்கம் ஆண்டை 24 கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் மேலும் மூன்றாகப் பிரிக்கிறது. ஆக 72 குறும்பருவம், ஒவ்வொன்றும் ஐந்து நாள் அளவு. ஒவ்வொன்றுக்கும் பெயரும் உண்டு. பிப்ரவரி தொடக்கத்தில் கீழ்க்காற்று வந்து பனிக்கட்டியை உருக்கும் நாள்கள். மார்ச் கடைசியில் முதல் செர்ரிப் பூ விரியும் நாள்கள். ஜூன் நடுவில் மக்கிய புல் மின்மினியாகும் நாள்கள். செப்டம்பரில் தகைவிலான் குருவி கிளம்பிப் போகும் நாள்கள்.

இந்த 72-ம் சீனத்திலிருந்து வந்தவை. சீனத்தின் தட்பவெப்பம் வேறு, ஜப்பானின் தட்பவெப்பம் வேறு. அதனால் 1685-ல் நடைமுறைக்கு வந்த புதிய பஞ்சாங்கத்தைக் கணித்த ஷிபுகாவா ஷுன்காய், தம் நாட்டுக்குப் பொருந்தாத பெயர்களை எடுத்துவிட்டுப் பொருந்துகிறவற்றை வைத்தார். இந்த ஒரு செய்தியை மறக்க வேண்டாம். அவிநாசிக்கு வரும்போது அதே வேலையை நாமும் செய்யப்போகிறோம்.

72-ஐயும் செதுக்க யாருக்கும் பொழுது இருக்காது. பன்னிரண்டாகச் சுருக்கிய மாதிரியும் அவர்களிடம் உண்டு. ஹனஃபுடா என்ற சீட்டுக்கட்டில் மாதத்துக்கு ஒரு செடி, செடிக்கு நான்கு சீட்டு, மொத்தம் 48 சீட்டு. ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரி, ஆகஸ்டுக்கு நிலவும் நாணல் போன்ற உயர்ந்த புல்லும், அக்டோபருக்கு மேப்பிள் இலை. இன்றைக்கு வீடியோ விளையாட்டுக்குப் பேர்போன நின்டெண்டோ நிறுவனம் 1889-ல் தொடங்கியது இந்தச் சீட்டுகளைச் செய்து விற்கத்தான். எண்ணெழுத்தே இல்லாமல் ஒரு பூவை மட்டும் பார்த்து மாதத்தைச் சொல்லிவிடலாம் என்பது இந்தக் கட்டின் அழகு. நம் அச்சுகளுக்கும் இதுவே அளவுகோலாக இருக்கட்டும்.

ஜப்பானியக் கைவினைஞர்கள் கடைப்பிடிக்கிற வழக்கங்களில் மூன்று அச்சுக்கு நேரடியாக உதவும்.

முதலாவது, முந்திக்கொள்வது. செர்ரிப் பூ போட்ட கிமோனோவைப் பூப்பதற்குச் சற்று முன்னால் அணிவார்கள். மரமெல்லாம் பூத்து நிற்கும்போது அந்தப் பூவைத் துணியிலும் காட்டுவது ரசனைக் குறைவு. அட்டையும் அப்படித்தான், வரப்போகிற பருவத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பகுதியைக் காட்டி முழுவதையும் உணர்த்துவது. முழு மரம் வேண்டாம், ஒரு கிளை போதும். கிளைகூட வேண்டாம், உதிர்ந்த இரண்டு இதழ் போதும்.

மூன்றாவது, வெற்றிடத்தை விட்டுவைப்பது. படத்தை அட்டையின் நடுவில் வைக்காமல் ஓரமாக ஒரு மூலையில் பதித்து, மீதியைக் காலியாக விடுவது. அந்தக் காலியிடத்தில்தான் நிலவொளியோ காற்றோ வெயிலோ இருப்பதாகப் பார்க்கிறவர் எடுத்துக்கொள்வார்.

செர்ரிப் பூவை விட்டுவிடுங்கள்

இணையத்தில் தேடினால் செர்ரிப் பூ, மேப்பிள் இலை, பனிச்செதில் என்று ஆயிரம் மாதிரிகள் கிடைக்கும். செதுக்கிப் பழக அவை நல்லவை. ஆனால் பனிச்செதில் போட்ட மார்கழி அட்டையைச் சேவூர்ச் சாலையில் இருக்கும் பெரியம்மாவுக்கு அனுப்பினால் அதில் பருவம் இருக்காது, படம் மட்டும்தான் இருக்கும்.

நமக்கும் ஆறு பெரும்பொழுது உண்டு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தொல்காப்பியக் காலத்திலிருந்து வருவது. இதில் கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் அவிநாசிக்கு ஐப்பசி மழைதான் பெரிய மழை. ஆனி, ஆடியில் மலைக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும்போது இங்கே காற்று மட்டும் அடிக்கும். ஆகவே ஏட்டுக் கணக்கை அப்படியே எடுக்காமல் ஷுன்காய் செய்தபடி ஊர்க் கணக்குக்கு மாற்ற வேண்டும். கீழே உள்ளது அப்படி ஒரு கணக்கு. உங்கள் தெருவுக்கு வேறு ஏதாவது பொருந்தினால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

சித்திரை: தேர்ச்சக்கரம். அவிநாசித் தேரை முழுதாகச் செதுக்கப் போனால் ரப்பர் போதாது, பொறுமையும் போதாது. சக்கரத்தின் கால்வாசியும் வடத்தின் ஒரு சுருளும் போதும்.

வைகாசி: நுங்கு. சீவிய காயின் முகத்தில் மூன்று கண். முதன்முதலாகச் செதுக்குகிறவருக்கு இதைவிட எளிய படம் கிடையாது.

ஆனி: காற்றாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குக் காற்றுதான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. மூன்று இறக்கையும் ஒரு சாய்ந்த கோடும் வைத்தால் போதும்.

ஆடி: தூரி. ஆடி நோம்பிக்கு மரத்தில் கட்டும் தூரியின் இரண்டு கயிறும் ஒரு பலகையும். ஆள் வேண்டாம். பலகையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் இப்போதுதான் யாரோ இறங்கிப் போனமாதிரி தெரியும்.

ஆவணி: கண்ணன் பாதம். இதைச் செதுக்காமல் கையாலேயே பதிக்கலாம். அட்டைக்கு வேண்டுமானால் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குட்டிப் பாதம்.

புரட்டாசி: கொலுப்படி. ஜப்பானிலும் மார்ச் 3-ல் பெண்பிள்ளைகளுக்காகச் சிவப்புத் துணி விரித்த படிகளில் பொம்மை வைப்பார்கள். ஹினமட்சுரி என்று பெயர். உச்சிப்படியில் அரசனும் அரசியும். நாம் வெறும் படிகளையும் மேலே ஒரு கலசத்தையும் வைத்தால் கொலு என்று புரிந்துவிடும்.

ஐப்பசி: தட்டான். மழைக்கு முன் தாழப் பறப்பது. ஜப்பானிலும் இலையுதிர்காலத்துக்கு உரிய பூச்சி இதுதான். கோடான உடம்பு, நான்கு இறக்கை.

கார்த்திகை: செங்காந்தள். வேலியில் தானாகப் படர்வது. மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகக் காட்டிலேயே பயிரிடுகிறார்கள், அங்கே அது கண்வலிக்கிழங்கு. மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ். இதைக் கைபழகிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி: வாசல் சாணி உருண்டைமேல் பூசணிப்பூ. கீழே அரை வட்டம், மேலே ஐந்து மடல்.

தை: பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. போகியன்று சாயங்காலம் வீட்டுக் கூரையிலும் காட்டிலும் கட்டுத்தறியிலும் செருகும் காப்பு. பொங்கல் பானையைவிடக் கொங்குநாட்டுத் தையைத் துல்லியமாகச் சொல்வது இந்தக் கொத்துதான்.

மாசி: வரித்தலை வாத்து. திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குக் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பறவைகள் வருகின்றன. 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட குளம் அது. இமயத்தைத் தாண்டிப் பறக்கும் இந்த வாத்தின் பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. ஜப்பானியப் பஞ்சாங்கத்திலும் வாத்து வரும் நாள்களுக்கும் திரும்பிப் போகும் நாள்களுக்கும் தனித்தனிக் குறும்பருவம் உண்டு.

பங்குனி: புங்கம்பூ. தார்ச்சாலையில் பொரி கொட்டினமாதிரி கிடப்பது. ஒரே ஒரு பூவைச் செதுக்கி அட்டை முழுக்க இருபது தடவை பதியுங்கள், இடைவெளியை ஒழுங்கில்லாமல் விட்டு.

பௌர்ணமிக்குத் தனியாக ஒன்று வேண்டுமென்றால், ஜப்பானியர் நிலவில் மோச்சி என்ற அரிசிப் பண்டம் இடிக்கும் முயலை வைப்பார்கள். நம் நிலவில் வடை சுடும் பாட்டி இருக்கிறாள்.

தேவையானவை

வெள்ளை பிளாஸ்டிக் அழிரப்பர் ஒன்று, முடிந்தவரை பெரியது. அழுத்தினால் நசுங்குகிற மலிவு ரப்பர் உதிரும், சரிப்படாது. பேனாக்கத்தி ஒன்று. லினோ செதுக்குவதற்கென்று விற்கும் சிறிய உளித்தொகுப்பு கிடைத்தால் அதில் 'வி' வடிவ முனையும் 'யு' வடிவ முனையும் போதும். டிரேசிங் பேப்பர் அல்லது பட்டர் பேப்பர், 4பி பென்சில், ஸ்டாம்ப் பேட், பழைய செய்தித்தாள். அவ்வளவுதான்.

பெரிய அச்சு வேண்டுமானால் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டைக் கத்தரியால் வெட்டி மரத்துண்டில் ஒட்டிவிடலாம். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகமும் ஆகும். நுணுக்கமான கோடு இவற்றில் வராது, ஆனால் துணிக்கு இவைதான் எளிது.

செதுக்கும் முறை

ரப்பரின் மேலே மாவுபோல ஒன்று ஒட்டியிருக்கும். முதலில் அதைத் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பென்சிலும் ஒட்டாது, மையும் ஒட்டாது.

படத்தை டிரேசிங் பேப்பரில் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். வரைந்த பக்கம் ரப்பரைத் தொடும்படி கவிழ்த்து, அசையாமல் பிடித்து, நகத்தால் தேயுங்கள். படம் இடவலம் மாறி ரப்பரில் இறங்கும். பதிக்கும்போது மறுபடியும் மாறி நேராக வந்துவிடும். எழுத்துக்கும் இதே வழிதான். ரப்பரின்மேல் நேரடியாக எழுதிச் செதுக்கினால் 'தை' கண்ணாடியில் தெரிவதுபோலத்தான் விழும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். 'ண', 'ழ' போன்றவற்றின் உள்வட்டங்களைச் சற்றுப் பெரிதாகவே வரைந்துகொள்ளுங்கள், சிறிதாக விட்டால் மை அடைத்துக்கொள்ளும்.

இனி கத்தி. கோட்டை ஒட்டி வெட்டும்போது கத்தியை வெளிப்பக்கம் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போது நிற்கிற கோடு மேலே ஒடுக்கமாகவும் அடியில் அகலமாகவும் இருக்கும். நேர்மாறாக உள்பக்கம் சாய்ந்துவிட்டால் கோட்டின் அடி மெலிந்து நாலு தடவை பதித்ததும் பிய்ந்துவிடும். முதல் வெட்டுக்கு எதிர்ச்சாய்வாக வெளியிலிருந்து இன்னொரு வெட்டுப் போட்டால் 'வி' வடிவப் பள்ளம் ஒரே இழையாக எழுந்து வரும். ஆழம் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

வளைவுகளில் கத்தியைத் திருப்பாதீர்கள். கத்தி பிடித்த கை அப்படியே இருக்க, மறுகையால் ரப்பரைச் சுழற்றுங்கள். வளைவு மழமழவென்று வருவதன் ரகசியம் இது ஒன்றுதான். உள்ளே இருக்கும் நுணுக்கங்களை முதலில் முடித்து, வெளிக்கோட்டுக்குக் கடைசியில் வாருங்கள். ரப்பர் முழுதாக இருக்கும்போதுதான் பிடிமானம் இருக்கும். கத்தி போகும் திசையில் விரல் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கத்தி வேண்டாம். வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, வாழைத்தண்டு இவற்றைப் பெரியவர்கள் நறுக்கிக் கொடுத்தாலே அவர்களுக்கு ஒரு பகல் போய்விடும்.

பதிக்கும் முறை

ஸ்டாம்ப் பேடில் அச்சைக் குத்துவது ஆபீஸ் பழக்கம். கையச்சுக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும். அச்சை முகம் மேலே இருக்கும்படி கையில் பிடித்து, பேடைக் கவிழ்த்து அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். மை மேட்டில் மட்டும் படியும், பள்ளத்தில் இறங்காது. கீழே நாலு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் அட்டை. நேராக வைத்து, உள்ளங்கையால் ஒரே சீராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். ஆட்டினால் இரட்டைக் கோடு விழும்.

முதல் இரண்டு மூன்று பதிப்பு சோதனைக்குத்தான். வேண்டாத இடத்தில் மை விழுந்தால் அங்கே இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டும் என்று பொருள். ஆபீஸ் ஸ்டாம்ப் பேடின் ஊதா மை தண்ணீர் பட்டால் கரையும், வெயிலில் வெளுக்கும். பிக்மென்ட் மை பேட் கிடைத்தால் வாங்குங்கள். காய நேரமெடுக்கும், ஆனால் நிற்கும். ஒரே அச்சின் அடியில் கரும்பச்சையும் நுனியில் இளமஞ்சளும் தட்டிப் பதித்தால் இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கரைந்துவரும். ஜப்பானிய மரப்பாள ஓவியங்களில் வானத்தின் நீலம் கீழே வரவர வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் பாளத்தின் மேலேயே நிறத்தைக் கரைத்துச் செய்வதுதான்.

பூ ஒரு நிறம், இலை ஒரு நிறம் என்றால் இரண்டு அச்சு வேண்டும். இரண்டும் சரியாகப் பொருந்த, பழைய மரப்பாளத்தில் காகிதத்தின் மூலைக்கும் ஓரத்துக்கும் இரண்டு அடையாளம் வெட்டியிருப்பார்கள். நாம் ஒரு காலண்டர் அட்டையை 'ட' வடிவில் வெட்டி மேசைமேல் ஒட்டி, ஒவ்வொரு தடவையும் வாழ்த்து அட்டையின் மூலையை அதில் இடித்து வைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் ரப்பரில் உள்ள நெகிழ்வூட்டி பிளாஸ்டிக்கை இளக்கி, சில மாதத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

துணியில் பதிப்பது

17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து அச்சு, சாயத் துணிகளும் கோடு போட்ட பருத்தியும் டச்சுக் கப்பல்களில் ஜப்பான் போயின. கோட்டுத் துணியை அங்கே சாந்தோம் பெயராலேயே அழைத்தார்கள். நம் பூத்துணிகளைப் பார்த்து அவர்களும் மரப்பாளத்தாலும் காகித வெட்டுத்தாளாலும் தங்கள் சரசாத் துணியைச் செய்தார்கள். பருத்தியில் பருவத்தைப் பதிக்கும் வழக்கம் இன்றும் தெனுகுய் என்ற கைத்துண்டில் இருக்கிறது. ஏறத்தாழ 35-க்கு 90 சென்டிமீட்டர் அளவுள்ள பருத்தித் துண்டு. மாதத்துக்கு ஒன்று மாற்றிச் சுவரில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு.

பனியன் ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை. கட்டிங் வேஸ்டும் செகண்ட்ஸும் எடைக்குக் கிடைக்கும். ஆனால் பின்னல் துணி காகிதம் மாதிரி அசையாமல் இருக்காது. ரிப் துணியின் மேடுபள்ளத்தில் கோடு உடையும். சிங்கிள் ஜெர்சி ஓரத்தில் சுருண்டுகொள்ளும். இன்டர்லாக் தட்டையாக நிற்கும், அதில் தொடங்குங்கள். காடாத் துணியில் பதிப்பது இன்னும் எளிது, மஞ்சப்பைக்கும் அதுவே சரி.

கம்பெனியிலிருந்து வரும் துணியில் மென்மைக்காகச் சாஃப்ட்னரோ சிலிக்கானோ ஏற்றியிருப்பார்கள். அது சாயத்தை உள்ளே விடாது. துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் பதிக்கலாம். முத்தாக உருண்டு நின்றால் சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகுதான்.

டி-ஷர்ட்டுக்குள் ஓர் அட்டையைச் செருகுங்கள், சாயம் பின்பக்கம் இறங்காது. துணியை இழுத்துப் பிடிக்காதீர்கள். இழுத்துப் பதித்த வட்டம் கையை விட்டதும் முட்டையாகிவிடும். ஸ்டாம்ப் பேட் மை துணிக்கு ஆகாது. ஃபேப்ரிக் பெயின்டை ஸ்பாஞ்சில் எடுத்து அச்சில் மெல்லிசாக ஒற்றுங்கள். பிரின்டிங் பட்டறையில் பழக்கம் இருந்தால் பைண்டர் கலந்த பிக்மென்ட் பேஸ்ட்டில் கொஞ்சம் கேட்டு வாங்கலாம். துணியில் பதிக்கும் அச்சில் கோடு தடிமனாக இருக்கட்டும். ரப்பரில் செதுக்கிய நுண்கோடு நூலிழையில் காணாமல் போகும்.

ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, பின்பக்கம் திருப்பி, ஆவியில்லாமல் இஸ்திரி போடுங்கள். பட்டறைகளில் பிக்மென்ட் பிரின்ட்டை 150 டிகிரி செல்சியஸ் அளவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் க்யூரிங் செய்வார்கள். பருத்திக்குரிய சூட்டில் வீட்டு இஸ்திரிப் பெட்டியை நகர்த்தி நகர்த்தித் தேய்ப்பதும் அதே வேலைதான். பாலியஸ்டர் கலந்த துணியானால் சூட்டைக் குறைத்து, ஓரத் துண்டில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். முதல் சலவைக்கு மூன்று நாள் பொறுங்கள். அப்போதும் தனியாக, பச்சைத் தண்ணீரில், பிரஷ் போடாமல்.

எதில் தொடங்குவது

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் செதுக்க வேண்டியதில்லை. மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முடியும்போது ஒரு தொகுப்பு சேர்ந்துவிடும். ஓரத்தில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைச் சின்னச் சதுரத்தில் செதுக்கிச் சிவப்பு மையில் பதியுங்கள். ஜப்பானிய ஓவியர்கள் படத்தின் மூலையில் வைக்கும் முத்திரை அதுதான்.

அனுப்புவதற்கு ஏற்ற நாள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு காலத்தில் மார்கழி பிறந்தால் பொங்கல் வாழ்த்து அட்டைகள் கடை வாசல் கயிறுகளில் தொங்கும். தபால்காரர் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். கடையில் அந்த அட்டை இன்று அரிதாகிவிட்டது, தபால்பெட்டி இருக்கிறது. கார்த்திகையிலேயே பூளையும் ஆவாரமும் கொண்ட கொத்தைச் செதுக்கிவிடுங்கள். மார்கழி இருபதுக்குள் அஞ்சலட்டையில் பதித்து, முகவரியும் பின்கோடும் தெளிவாக எழுதித் தபாலில் சேர்த்தால், காப்புக் கட்டும் நாளுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.